வண்டிக்குத் தொண்டை சரியில்லை

நடிகை ஓட்டும்போது அவளுடைய பந்தயக் காரிலிருந்து சத்தம் வந்ததே கிடையாது. வரவேண்டிய சத்தம் முழுவதும், பந்தயத் திடலுக்கு நேர் எதிராக ஊரின் மறுகோடியில், ஒரு மாடி வீட்டில் கணவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தது. முதல் தடவை அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் காலரை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள். நெஞ்சுக்குழிக்குள் ஏதோ சூடாக ஏறியது. கொட்டாவி என்று நினைத்து வாயைத் திறந்தாள். வாயிலிருந்து என்ஜின் கிளம்பியது. முதலில் ஓர் உறுமல், பிறகு சுவரெல்லாம் அதிர்கிற முழக்கம், பிறகு படிப்படியாகத் தேய்ந்து ஓய்ந்தது. மேசைமேல் இருந்த டம்ளர் தானாக நகர்ந்து விளிம்பில் போய் நின்றது. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, ஜெனரேட்டர் வாங்கினால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கக்கூடாதா என்று கேட்டார். பாதி முகத்தில் சவர நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப்பார்த்த கணவர், சட்டை எந்த இடத்தில் கருகியது என்று மட்டும் விசாரித்தார். சட்டை கருகவில்லை. ரப்பர் வாடை அவள் மூச்சில் இருந்தது.

அவளுக்குத் தொழில் டப்பிங். திரையில் வேறொருத்தியின் உதடு அசையும்போது, இருட்டறையில் மைக்கின் முன் நின்று அந்த உதட்டுக்குப் பேச்சுக் கொடுப்பது. ஸ்டுடியோவில் எல்லோரும் அவளைக் குரல்காரி என்றே கூப்பிட்டார்கள். பெயர் சொல்லி யாராவது அழைத்தால் அவளே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். எத்தனையோ முகங்களுக்குப் பேசியிருந்தாலும் அவளுக்குச் சோறு போட்டது ஒரே முகம்தான், நடிகையின் முகம். நடிகை பத்தொன்பது வயதில் முதல் படத்துக்கு வந்து, ஒப்பனை முடித்து, காமிராவின் முன் முதல் வசனத்தைச் சொன்னபோது, டைரக்டர் அவளுடைய முதுகுக்குப் பின்னால் எட்டிப்பார்த்து, பேசியது யார் என்று கேட்டார். வெண்ணெயில் செய்ததுபோன்ற முகம். குரலோ மரப்பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோலக் கரகரத்தது. இந்த முகத்துக்கு இந்தக் குரலை ஒருத்தனும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று அங்கேயே முடிவாகி, குரல்காரிக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நடிகை திரையில் காதலித்தது, சாபமிட்டது, பிள்ளையைப் பறிகொடுத்துக் கதறியது எல்லாம் குரல்காரியின் தொண்டையால்தான். இருவரும் ஒருநாள்கூட நேரில் பேசியதில்லை. முகத்தை வெளிச்சத்தில் படம் பிடிப்பார்கள், குரலை மாதங்கள் கழித்து இருட்டில் ஊற்றுவார்கள். ஒருத்தி இருக்கும் இடத்தில் மற்றவளுக்கு வேலை கிடையாது. நடிகை பொது இடங்களில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். கேள்வி கேட்டால் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அடக்கம் என்று பத்திரிகைகள் எழுதின.

கார் அவள் வாழ்க்கைக்குள் வந்ததற்குக் காரணம் அடுத்தவர் காய்ச்சல். ஒரு படத்தில் துரத்தல் காட்சி. அவளைப்போல உடையணிந்து ஓட்டவேண்டிய சண்டைக்கலைஞர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நானே ஓட்டுகிறேன் என்று நடிகை கையால் ஜாடை காட்டினாள். டைரக்டர் "கட்" என்று கத்திய பிறகும் கார் நிற்கவில்லை; மைதானத்தின் கடைசி வேலிவரை போய்த்தான் நின்றது. உள்ளே அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்த கார் மெக்கானிக், பந்தயக் கார்களோடு வாழ்ந்து கிழடுதட்டியவர், இந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, இனி விடாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். விடவில்லை. அடுத்த வருஷமே அவள் நேர்கோட்டுப் பந்தயத்தில் இறங்கினாள். அதில் வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சைக்கு மாறியதும் நேராகப் பாயும். ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் காரின் பின்னால் பாராசூட் விரிந்து அதை இழுத்துப் பிடித்து நிறுத்தும். ஆட்கள் அங்கே கூடுவது வேகத்தைப் பார்க்க என்று சொன்னாலும், உண்மையில் சத்தத்துக்காகத்தான். நெஞ்செலும்பில் அந்த முழக்கம் மோதுவதற்காகவே காசு கொடுத்து வெயிலில் உட்காருகிறவர்கள் அவர்கள்.

ஆகவே நடிகையின் கார் முதல் பந்தயத்தில் மீன் நீந்துவதுபோலச் சத்தமே இல்லாமல் பாய்ந்து முதலாவதாக வந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. ஏதோ ஏமாற்று என்றே நினைத்தார்கள். தோற்றவர் புகார் கொடுத்தார். பந்தயச் சங்கத்தின் ஆய்வாளர்கள் என்ஜினைக் கழற்றிப் பாய்மேல் பரப்பினார்கள். எல்லோருடைய காரிலும் இருக்கும் சாமான்களே அதிலும் இருந்தன. பெட்ரோல் எரிந்தது, புகை வந்தது, டயர் தேய்ந்தது. மெக்கானிக் உட்கார்ந்து முடுக்கினால் எந்தக் காரையும்போலக் காது கிழியக் கத்தியது. நடிகை உட்கார்ந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டது. சங்கச் செயலாளர், பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், விதிகளை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து, வேகத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, சத்தத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று புகாரைத் தள்ளுபடி செய்தார். ரசிகர்கள் அந்தக் காருக்கு ஊமைச்சி என்று பெயர் வைத்தார்கள். முதலில் கேலியாகச் சொன்னார்கள், ஜெயிக்க ஜெயிக்கச் செல்லமாகச் சொன்னார்கள்.

குரல்காரிக்கு அந்த வருஷம் பெரும் பாடாகப் போயிற்று. பஸ்ஸில் போகும்போது ஒருமுறை வந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, என்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் வந்தது. நல்லவேளை, கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். நாளடைவில் அது வருவதை முன்கூட்டியே கண்டுகொள்ளப் பழகினாள். குடிக்கிற தேநீரில் ரப்பர் ருசி தட்டும், நெஞ்சுக்குழி சூடாகும், அதற்கப்புறம் ஒரு சின்ன அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். முழக்கம் கிளம்புவதற்கு முன் தன்னையறியாமல் அவள் இழுக்கும் மூச்சு, தெரிந்த மூச்சாக இருந்தது. நீளமான அழுகைக் காட்சிகளில் நடிகை தோளை லேசாகத் தூக்கி, உதட்டைப் பிரிக்காமல் மூக்கால் இழுக்கும் அதே மூச்சு. இருபது வருஷமாகத் திரையைப் பார்த்துப் பார்த்து அந்த மூச்சோடு தன் மூச்சைப் பொருத்தியவள் அவள். மறுநாள் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தை விரித்த கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், எதையும் இரண்டு தரம் பார்த்தே நம்புகிறவர், ஊமைச்சி ஓடிய நேரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "உன் ஆள்தான் போலிருக்கு" என்றார். தெரியும் என்று அவள் தலையாட்டினாள். யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பம் வந்தது. அன்று ஸ்டுடியோவில், செத்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் கடைசி வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குழி சூடேறியது. இந்த இடத்தில் போய் என்ஜினா என்று குரல்காரி உதட்டைக் கடித்து, வந்ததை அப்படியே மென்று விழுங்கிவிட்டாள். அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்கு விக்கல் நிற்கவில்லை; ஒவ்வொரு விக்கலுக்கும் வாயிலிருந்து ஒரு புகைச்சுருள் வந்தது. திடலிலோ, பாதித் தூரத்தில் ஊமைச்சி செத்துப் போய் நின்றுவிட்டது. ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது நடிகை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளாம். யாரோ தோளைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது என்று மெக்கானிக்கிடம் மட்டும் சொன்னாளாம்.

இரண்டாம் வருஷத்தில், திடலைக் கூட்டுகிற ஆள் ஒருவர் குனிந்து ரப்பர் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்கு ஒரு சாண் தள்ளி ஊமைச்சி பாய்ந்து போயிற்று. அவர் தொப்பி பறந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சத்தம் கேட்டிருந்தால் விலகியிருப்பேனே என்றார். செயலாளர் சங்கத்தைக் கூட்டி, சத்தமில்லாத வண்டி இனி தடத்தில் ஏறக்கூடாது என்று புதிதாக விதி போட்டார். நடிகையும் அதை நியாயம் என்றே சொன்னாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காரின் சத்தம் எங்கே போகிறது என்று அவள் அதுவரை கேட்டதில்லை. தன் குரல் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்காமலே பல வருஷம் ஓட்டியவளுக்கு அந்தக் கேள்வி தோன்றாததில் வியப்பில்லை. இப்போது கேட்டாள். கேட்டதும், பதில் ஒன்றுதான் இருக்கமுடியும் என்று புரிந்துவிட்டது. ஒலிப்பதிவாளரிடம் விலாசம் வாங்கினாள்.

குரல்காரி கதவைத் திறந்தபோது தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். "நான்தான்" என்று அந்தப் பெண் சொன்னாள். குரல்காரி அவளைத் தாண்டி மாடிப்படியைப் பார்த்தாள், பேசியது யார் என்று. அப்புறம்தான் வெட்கப்பட்டு உள்ளே வரச்சொன்னாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைப் பார்க்கும்போது குரல்காரியின் உதடு தானாக அசைந்தது. நடிகை பேசத் தொடங்குமுன் வார்த்தை குரல்காரியின் நாக்கில் வந்து நின்றது. ஆனால் எதிரிலிருந்து வந்தது வேறு வார்த்தை, வேறு குரல். பொருந்தாத குரல் என்று ஊர் முடிவு செய்திருந்த அதைக் கேட்டுக்கொண்டிருக்கையில், பெட்டியை இழுத்தால் வருகிற சத்தம்தான், பெட்டிக்குள் கனமாக ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

"என்கிட்ட இருக்கறதுல என்னோடதுன்னு நான் நெனச்சது அந்த ஓட்டம் ஒண்ணுதான்" என்றாள் நடிகை. "அதுக்கும் உங்க தொண்டைதான் வேணும்னு ஆயிடுச்சு."

"எனக்கு மட்டும் ஆசையா மேடம்? நிம்மதியா ஒரு பஸ்ல ஏற முடியல" என்றாள் குரல்காரி. கோபமாகச் சொல்லவேண்டும் என்று எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம். சொல்லும்போது அது எங்கேயோ நழுவிவிட்டது. பதிலாக, அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வெளியே வந்தது. "அந்தக் கொஞ்ச நேரம் உள்ள எப்படி இருக்கும்?"

நடிகை தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றாள். "சிரிக்க வேண்டியதில்ல."

அடுத்த பந்தயத்துக்குக் குரல்காரி திடலுக்குப் போனாள். தொடக்கக் கோட்டின் ஓரத்தில் குடை நிழலில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பெரிய காரியம் ஒன்றுமில்லை, ஆனால் அவள் வண்டியின் பாகமா, பார்வையாளரா என்று சங்கத்தில் காலையெல்லாம் வாக்குவாதம் நடந்தது. பாகம் என்றால் அவள் எடையையும் காரோடு சேர்த்துப் போடவேண்டும் என்றார் எதிரணிக்காரர். அப்படியானால் உங்கள் காருக்கு நீங்கள் கும்பிடுகிற சாமியையும் எடை போடலாமா என்று செயலாளர் கேட்டு அதை முடித்துவைத்தார். ஆய்வாளர் ஒருவர், தகுதியானது என்று அச்சடித்த வில்லையைக் காரில் ஒன்று, நாற்காலியில் ஒன்று ஒட்டினார். விளக்கு பச்சைக்கு மாறியது. குரல்காரி வாயைத் திறந்தாள். முழக்கம் கிளம்பித் திடலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களின் நெஞ்சில் மோதியது. தொப்பிகள் பறந்தன. கைதட்டல் எழுந்தபோது, அது தனக்கும் சேர்த்துத்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருட்டறையில் அவளுக்கு ஒருவரும் கைதட்டியதில்லை.

அதற்கப்புறம் வந்த வருஷங்களில் அவர்கள் தோற்றது குறைவு. சுவரொட்டிகளில் நடிகை தலைக்கவசத்தோடு நின்றாள்; ஓரத்தில் குடையின் கீழ் குரல்காரியின் சின்னப் படமும் இருந்தது. நடிகை அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினாள். மேடம் என்பதைக் குரல்காரியால் அவ்வளவு சுலபத்தில் விட முடியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் அவளை மறித்து, ஒரு தடவை அந்தச் சத்தம் போடுங்கள் என்று கெஞ்சினார்கள். கார் ஓடாமல் வராது என்று சொன்னால் அவர்கள் நம்பவில்லை. அவளுக்கும் அது கொஞ்சம் வருத்தம்தான். தனியாக இருக்கும்போது முயன்று பார்த்திருக்கிறாள், இருமல்தான் வந்தது.

இருமல் பிறகு நிற்கவில்லை. காலையில் எழுந்தால் குரல் பாதி ஏறும், பாதி நிற்கும். ஒரு காதல் வசனத்தின் நடுவில் அது ஒடிந்து விழுந்தபோது, ஒலிப்பதிவாளர் மெல்ல, இன்றைக்குப் போதும் என்றார். தொண்டை மருத்துவர் ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார், வெளியே எடுத்துத் துடைத்தார், மறுபடி விட்டுப் பார்த்தார்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"இல்ல."

"விறகடுப்பா?"

"கார்" என்றாள் குரல்காரி.

மருத்துவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். குரல்நாண் முழுக்கக் கரி படிந்திருந்தது. அதன்மேல் இரண்டு பக்கமும் கடுகுபோலச் சதை வளர்ந்திருந்தது. வெட்டி எடுக்கவேண்டும், எடுத்த பிறகு சில மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். அதற்குள் இன்னொரு தடவை அந்த முழக்கம் கிளம்பினால் குரல் ஒரேயடியாகப் போய்விடும், திரும்பி வராது என்றும் சொன்னார். அந்த ஆண்டின் இறுதிப் பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. பல வருஷமாக யாரும் அசைக்க முடியாத ஒரு சாம்பியனோடு மோதல், ஜெயித்தால் பட்டம். குரல்காரி வீட்டுக்கு வந்து கணவரிடம், பந்தயம் முடியட்டும், அதுவரை மேடத்திடம் மூச்சுவிடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனார், போகிற வழியில் நடிகையின் வீட்டுக்கும் போனார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவளுடைய சொல்லை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான், அதைப் பற்றி அவருக்குக் கடைசிவரை உறுத்தல் எதுவும் இருக்கவில்லை.

நடிகை பந்தயத்திலிருந்து விலகினாள். பயந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. பட்டம் சாம்பியனுக்கு ஓடாமலே கிடைத்தது. பத்திரிகைக்காரர்கள் அவள் வீட்டு வாசலில் கூடி, எப்போதும்போல ஒரு சிரிப்பை எதிர்பார்த்துக் காமிராவைத் தூக்கினார்கள். அவள் சிரிக்கவில்லை. "என் வண்டிக்குத் தொண்டை சரியில்ல" என்றாள். "சரியாகுற வரைக்கும் ஓட்ட மாட்டேன்." பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார்கள். பின்னால் சுவர்தான் இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து குரல்காரி பேசாமலிருந்த மாதங்களில், வீட்டில் பேச்சு குறைந்துவிடவில்லை. அவள் உதட்டை அசைப்பாள். பக்கத்தில் நிற்கும் கணவர் அந்த உதட்டைப் பார்த்து அவளுக்காகப் பேசுவார். முதலில் தடுமாறினார்; போகப்போக நன்றாகவே தேறிவிட்டார். காய்கறிக் கடையில் அவள் முறைத்தால் அவர் பேரம் பேசினார். சில சமயம் அவள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லி அடி வாங்கினார். இதற்கிடையில் நடிகையின் படம் ஒன்று டப்பிங்குக்குக் காத்துக் கிடந்தது. வேறு குரல் போடலாம் என்றார் தயாரிப்பாளர். நானே பேசுகிறேன் என்று நடிகை சொன்னபோது அவர் மென்று விழுங்கினார்; வேண்டாம் என்று சொல்லும் துணிவு வரவில்லை. அப்படி அவள் முதல் முறையாக அந்த இருட்டறைக்குள் நுழைந்தாள். தன் உதட்டோடு தானே சேரமுடியாமல் பத்து வரிக்குள் வியர்த்து விறுவிறுத்துப் போனாள். கண்ணாடிக்கு அந்தப்புறம் குரல்காரி உட்கார்ந்திருந்தாள். எங்கே மூச்சு எடுப்பது என்று தெரியாமல் நடிகை திணறியபோது அவள் உள்ளங்கையை உயர்த்தினாள். நடிகை தோளைத் தூக்கி மூக்கால் மூச்சை இழுத்தாள். அதன் பிறகு வசனம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

படம் வெளியானபோது முதல் காட்சியில் சிரித்தார்கள். ஒரு தியேட்டரில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று ஆபரேட்டரைத் திட்டினார்கள். இடைவேளைக்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. பிள்ளையைத் தேடி அவள் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு போகும் இடத்தில் ஒருவரும் அசையவில்லை. கணவரோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த குரல்காரிக்கு, நெடுநாள் குடியிருந்த வீட்டை வெளியே நின்று பார்ப்பதுபோல் இருந்தது. யாரோ விளக்கேற்றிவிட்டார்கள், ஜன்னல் தெரிகிறது, உள்ளே போக வேலையில்லை. அவள் அழுதாளா என்று கணவருக்குத் தெரியவில்லை, சத்தம் வரக்கூடாது என்பது மருத்துவர் உத்தரவு.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது, அதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நடிகைக்குச் சொந்தக் குரல் வந்துவிட்டது. அப்படியானால் காருக்கும் வந்திருக்குமோ? மருத்துவர் பேசலாம் என்று அனுமதி கொடுத்ததும், வேலைநாள் ஒன்றின் காலையில், யாருமில்லாத திடலுக்கு நாலு பேரும் போனார்கள். மெக்கானிக் காரின் மேலிருந்த துணியை உருவினார். நடிகை தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்னா வேணாம் அக்கா. இப்பவே வித்துடறேன். எனக்குப் பேசக் கிடைச்சிருக்கு, அது போதும்."

குரல்காரியின் புதுக்குரல் தணிவாக இருந்தது, பக்கத்து அறையில் பேசுவதுபோல. "வித்தா யாருக்குத் தெரியும், என்ன ஆகியிருக்கும்னு?" என்றாள். "ஏறு. எனக்குத் தெரிஞ்சாகணும்." ஏறு என்று ஒருமையில் சொன்னதை இருவருமே கவனித்தார்கள்.

நடிகை ஏறினாள். கார் முடுக்கப்பட்டது, புகைக்குழாய் நடுங்கியது, சத்தம் இல்லை. மூன்று பேரும் குரல்காரியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கணவர் ஒரு அடி முன்னால் வந்து, காதைக் கொடுத்து, வருகிறது என்றார். வந்தது. முழக்கம் இல்லை. தூங்கும் குழந்தை எழுந்துவிடாதபடி தாய் பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வதுபோல, இடைவிடாத ஒரு முனகல். ஊமைச்சி பாய்ந்தது. தூரத்தில் பாராசூட் விரிந்தது. மெக்கானிக் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து, தட்டிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டார். இந்தக் கார் இதுவரை இப்படி ஓடினதே இல்லை என்றார். காரணம் கேட்டதற்கு, கத்திக்கொண்டே ஓடினால் யாருக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும் என்றார். மருத்துவர் அன்றே தொண்டையைப் பார்த்தார். கரி ஒரு பொட்டு இல்லை.

அடுத்த பருவத்தில் நடிகை தனி ஓட்டத்துக்கு, யாரோடும் மோதாமல் சாதனை நேரத்துக்காக மட்டும் ஓடுவதற்கு, விண்ணப்பித்தாள். கேட்கக்கூடிய சத்தம் வேண்டும் என்ற விதி இன்னும் இருந்தது. கேட்கக்கூடியதா என்பதைக் கேட்டுப் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்று செயலாளர் தடத்தின் மறுமுனையில் போய் நின்றுகொண்டு, எல்லோரையும் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொன்னார். இரைச்சலுக்காகவே பிறந்தவர்கள் என்று பேரெடுத்த அந்தக் கூட்டம் வாயை மூடியது. பொரி தின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. அந்த முனகல் ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொருவர் காதோரமும் போயிற்று. தன்னிடம் மட்டும் ஏதோ சொல்லப்பட்டதாக ஒவ்வொருவரும் பிறகு சொன்னார்கள். என்ன சொல்லப்பட்டது என்று கேட்டால் விழித்தார்கள். செயலாளர் கையைத் தூக்கினார், கேட்கிறது என்று. அன்றைய நேரத்தை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஓடும் நாட்களில் கூட்டம் இரண்டு மடங்காக வந்து, சத்தம் போடாமல் உட்கார்ந்துவிட்டு, சத்தம் போடாமல் கலைந்துபோனது.

இப்போது நடிகை பந்தயத்துக்குப் போவதில்லை. ஊமைச்சியை மெக்கானிக்குக் கொடுத்துவிட்டாள். அவர் ஓட்டும்போது அது ஊரைக் கூட்டுகிறது. நடிகைக்கு நீதிபதியாகவும் மாமியாராகவும் கிடைக்கிற வேஷங்களுக்கெல்லாம் அந்தக் கரகரப்பையே விரும்பிக் கேட்கிறார்கள். குரல்காரி இளைய முகங்களுக்குத் தணிந்த குரலில் பேசுகிறாள். ரகசியம் சொல்கிற காட்சி எந்தப் படத்தில் இருந்தாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேரும் தினம் ஒருமுறையாவது தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள், பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயங்கள். போன மாதம் ஒருநாள், பறக்கப் பழகுவதாக நடிகை சொன்னாள். பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து ஓட்டுகிறவரை விமானம் எல்லா விமானத்தையும்போல இரைந்தது.

"நாளைக்குக் காலையில தனியா ஏறப் போறேன் அக்கா."

"எத்தனை என்ஜின்?"

"ஒண்ணுதான்."

ஒன்றென்றால் சமாளிக்கலாம் என்றாள் குரல்காரி. மறுநாள் வெந்நீர் குடித்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். கடையைத் திறக்கத் தாமதமாகும் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்த கணவர், வெயில் படாதபடி அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மரங்களுக்கு மேல் ஒரு சின்ன விமானம் சத்தமில்லாமல் எழும்பியது. அக்கம்பக்கத்து மாடிகளில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள், பிறகு மிச்சத் துணியை உதறிக் கொடியில் போட்டார்கள். காரைவிடக் கொஞ்சம் அகலமான சத்தம் என்று அவளுக்குத் தோன்றியது. அடியில் எங்கேயோ மெல்லிய விசில்போல ஒன்றும் கலந்திருந்தது. அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்க, வாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.